நான்கு பக்கம், இரண்டணா

போன வருடம் ஒரு புதன்கிழமை, ராத்திரி எட்டரை மணிக்கு ஆரம்பித்த மீட்டிங் அது. அந்தப் பக்கம் அமெரிக்கக் காலை, இந்தப் பக்கம் சோழிங்கநல்லூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. பேச்சு ஒரு பழைய பில்லிங் சர்வீஸைப் பற்றி. பன்னிரண்டு வருடத்துக் கோடு. எழுதியவர்களில் ஒருவர்கூட இப்போது கம்பெனியில் இல்லை. ஒரு வரியை மாற்றினால் சம்பந்தமே இல்லாத நான்கு இடங்களில் உடையும். அந்தப் பக்கத்து மூத்த பொறியாளர் அலுத்துப்போய்ச் சொன்னார்: அது ஒரு 'பரையா', யாரும் அதைத் தொடாதீர்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மைக்கை ம்யூட்டில் போட்டேன். எனக்கும் சிரிப்பு வந்தது. சொல்லையும் அதற்கான விதியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாரே மனுஷன்.

அவர் மோசமான ஆள் இல்லை. 2020இல் கிட்ஹப் 'மாஸ்டர்' என்ற பெயரை விட்டு 'மெயின்'னுக்கு மாறியபோது, எங்கள் டீமில் முதலில் கை தூக்கியவர் அவர்தான். அடிமை முறையை ஞாபகப்படுத்தும் சொற்கள் நம் கோடில் வேண்டாம் என்று நீளமாக ஒரு மெயில் எழுதினார். பெயர் மாற்றினோம், பாதி பைப்லைன் உடைந்தது, இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தோம். அப்படிப்பட்டவருக்கு 'பரையா' எங்கிருந்து வந்த சொல் என்று தெரியவில்லை. அந்த காலில் அது தெரிந்த ஒரே ஆள் நான். என் சாதிச் சான்றிதழில் 'இந்து ஆதிதிராவிடர்' என்று இருக்கிறது. எங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே படித்ததில் சேர்ந்ததுதான் இங்கே எழுதுவது.

*

தமிழில் அந்தச் சொல் பழையது. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், பாணனோடும் இன்னும் இருவரோடும் பறையனைச் சேர்த்து, குடி என்றால் இந்த நான்குதான் என்று பெருமையாகவே சொல்கிறார். அங்கே வசை எதுவும் இல்லை. பிறகு எப்போது, எப்படி அது வசையானது என்பது தனியாக ஒரு புத்தகம் கேட்கும் விஷயம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர்கள் தங்கள் பயணக் குறிப்புகளில் இந்தச் சொல்லை எழுத ஆரம்பித்தபோது அது ஏற்கெனவே ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட சொல். அவர்கள் அதைக் கேட்டபடியே எழுதிக்கொண்டார்கள்.

1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைப் பார்த்தால் ஆங்கிலேயர் வாயில் அது என்ன ஆனது என்று தெரியும். தெருநாய்க்கு 'பரையா நாய்', குப்பை கிளறும் பருந்துக்கு 'பரையா பருந்து', மட்டமான சாராயத்துக்கு 'பரையா சாராயம்'. ஒரு மக்கள்கூட்டத்தின் பெயர், தரம் குறைந்த எதற்கும் ஒட்டவைக்கும் முன்னொட்டாகிவிட்டது.

ஆனால் அதே சொல் கப்பலேறி பிரான்சுக்குப் போனபோது வேறொன்று நடந்தது. இது எனக்கே புதுச் செய்தி. 1791இல், புரட்சி நடந்துகொண்டிருக்கும்போது, பெர்னார்டின் தெ சேன் பியேர் ஒரு குறுநாவல் எழுதுகிறார். உண்மையைத் தேடி உலகம் சுற்றும் ஆங்கில அறிஞர் ஒருவர் இந்தியாவுக்கு வருகிறார். ஜெகநாதர் கோயில் பண்டிதர்களிடம் கிடைக்காத பதில், மழைக்கு ஒதுங்கிய பறையர் குடிசையில் கிடைக்கிறது. ஐரோப்பாவில் அந்தப் புத்தகம் நன்றாகப் போனது. பிறகு ஒரு அலை மாதிரி வருகிறது. 1821இல் பாரிஸ் மேடையில் காசிமிர் தெலவீஞ்ஞின் 'பரியா' நாடகம். 1823இல் ஜெர்மனியில் மிக்கேல் பேயரின் 'பரியா'. 1824இல் கதே அதே தலைப்பில் மூன்று கவிதைகளை வெளியிடுகிறார். நடுவில் இருக்கும் கவிதையில் பிராமணப் பெண்ணின் தலையும் தாழ்ந்த சாதிப் பெண்ணின் உடலும் மாறி ஒட்டிக்கொள்ளும். படிக்கிற யாருக்கும் அது நம்ம ஊர் ரேணுகா கதை, மாரியம்மன் கதை என்று உடனே தெரிந்துவிடும். எங்கள் ஊர் ஆடி மாசக் கூத்தில் விடிய விடிய நடக்கிற கதை வைமார் நகரம் வரை போயிருக்கிறது.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவர் ஃப்ளோரா த்ரிஸ்தான். 1803இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா பெரு நாட்டுப் பிரபு, அம்மா பிரெஞ்சுக்காரி. அவர்களுடைய கல்யாணம் பிரெஞ்சுச் சட்டத்தில் செல்லாது, அதனால் சட்டத்தின் கண்ணில் இவர் முறைதவறிப் பிறந்த பிள்ளை. அடிக்கிற புருஷனை விட்டு ஓடி வந்தார். பிரான்சில் 1816லேயே விவாகரத்தை எடுத்துவிட்டார்கள், ஆகவே அவரால் மனைவியாகவும் வாழ முடியவில்லை, தனியாளாகவும் வாழ முடியவில்லை. 1833இல் அப்பாவின் சொத்தில் பங்கு கேட்டுப் பெருவுக்குக் கப்பலேறி, பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பினார். அந்தப் பயணத்தை எழுதி 1838இல் வெளியிட்ட புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஒரு பரியாவின் பயணங்கள்'. அதே வருடம் புருஷன் அவரைத் தெருவில் வைத்துத் துப்பாக்கியால் சுட்டான். பிழைத்துக்கொண்டார். ஓவியர் பால் கொகேன் இவருடைய மகள் வயிற்றுப் பேரன்.

அவருக்குப் பிறகு, டிரைஃபஸ் வழக்கில் முதலில் குரல்கொடுத்தவர்களில் ஒருவரான யூதப் பத்திரிகையாளர் பெர்னார்ட் லசார் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். ஊர் தள்ளிவைத்ததைத் தெரிந்தே ஏற்று எதிர்த்து நிற்பவன் என்ற பொருளில் 'உணர்வுள்ள பரியா' என்றார். ஹன்னா அரெண்ட் 1944இல் இதே கருத்தை வைத்துத்தான் 'பரியாவாக யூதன்' என்ற கட்டுரையை எழுதினார்.

ஆக, செங்கல்பட்டுப் பக்கம் ஒருத்தனை அடிக்கக் கை ஓங்கும்போது வாயில் வருகிற சொல்லை, பாரிஸில் ஒரு பெண் தன் புத்தகத்தின் அட்டையில் தானே போட்டுக்கொண்டார். நெஞ்சு நிமிர்கிறதா? எனக்கு நிமிர்ந்தது, ஒரு நாள் மட்டும். அடுத்த நாள் வேறு மாதிரி தோன்றியது. பாரிஸில் அந்தச் சொல்லால் யாரும் யாரையும் கிணற்றுப் பக்கம் வராதே என்று விரட்டியதில்லை. அது அங்கே ஒரு உவமை. உவமையைக் கழற்றி வைக்கலாம்.

வசையை விருதாக்கிக் கொண்டவர்கள் என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் பாதி இப்படித்தான். 1566இல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக மனு கொடுக்கப் போன டச்சுப் பிரபுக்களை ஓர் அமைச்சர் பிச்சைக்காரர்கள் என்றாராம். அவர்கள் அதையே கட்சிப் பெயராக வைத்துக்கொண்டு, பிச்சைப் பாத்திரத்தைச் சின்னமாக மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். விருந்து முடிந்து அவரவர் மாளிகைக்குப் போனவர்கள் அவர்கள். 1874இல் மோனேவின் ஓவியத்தைக் கிண்டலடித்து விமர்சகர் லூயி லெருவா எழுதிய 'இம்ப்ரெஷனிஸ்ட்' என்ற சொல்லை ஓவியர்கள் மாட்டிக்கொண்டதும் அழகான கதைதான். ஆனால் யாருடைய தாத்தாவும் இம்ப்ரெஷனிஸ்டாகப் பிறந்ததற்காக உதை வாங்கவில்லை. 1990இல் நியூயார்க்கில் 'க்வியர் நேஷன்' என்று பெயர் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கியவர்கள் வேறு ரகம். அந்தச் சொல்லோடு அடி சேர்ந்தே வந்தது அவர்களுக்கு. நான் தேடியதும் அந்த ரகத்து ஆள்தான். அவர் எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் பிறந்தவர்.

*

இரட்டைமலை சீனிவாசன். மதுராந்தகம் பக்கம் கோழியாளம். ஏழாம் வகுப்புப் பாடப் புத்தகத்திலோ எங்கோ ஒரு தலைப்பாகைப் படமாக அவரைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். 1939இல் அவர் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' மிகச் சின்னப் புத்தகம், ஒரே உட்காரலில் படித்துவிடலாம். அதில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைச் சொல்கிறார். பள்ளியில் நானூறு மாணவர்கள். பத்துப் பேர் போக மிச்சம் எல்லோரும் பிராமணர்கள். மற்ற பையன்களோடு பழகினால் சாதி, ஊர், குடும்பம் என்று கேள்வி வரும். அந்தப் பயத்தில் மணி அடிக்கும் வரை வெளியிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவாராம். சாயங்காலம் விட்டதும் ஒருத்தரும் வந்து ஒட்டிக்கொள்ள முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடை. விளையாடக்கூட முடியவில்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறார்.

அந்தப் பத்தியைப் படித்து மூடி வைத்துவிட்டேன். என் கல்லூரி ஹாஸ்டலில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்த மூன்று பேர், பொங்கலுக்கு உங்க ஊருக்கு வரோம்டா என்று வருடா வருடம் கேட்டார்கள். வருடா வருடம் எனக்கு ஒரு காரணம் இருந்தது. பாட்டிக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், எல்லோரும் சித்தி ஊருக்குப் போகிறோம். ஹாஸ்டல் படிவத்தில் முகவரி எழுதும்போது 'காலனி' என்ற சொல்லை விட்டுவிட்டுத் தெரு எண்ணையும் ஊரையும் மட்டும் எழுதினேன். கோயம்புத்தூர்ப் பையனுக்கும் எனக்கும் நடுவில் நூற்று முப்பது வருடம், ஒரு அரசியல் சட்டம், ஒரு பொறியியல் பட்டம்.

அந்தப் பையன் பிறகு நீலகிரியில் ஐரோப்பியர் கம்பெனிகளில் கணக்கெழுதினார். 1890இல் சென்னைக்கு வந்தார். பறையர் மகாஜன சபையை ஆரம்பித்தார். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். நான்கு பக்கம், சின்ன அளவு, மாதம் ஒன்று, விலை இரண்டணா. பெயர் 'பறையன்'.

பத்திரிகை நடத்துவது அதற்கு முன்பே நடந்ததுதான். 1869இல் 'சூரியோதயம்', 1885இல் 'திராவிடப் பாண்டியன்' என்று இந்த மக்களிடமிருந்தே இதழ்கள் வந்திருக்கின்றன. பெயர்களைப் பாருங்கள், விடியலும் ராஜ வம்சமும். சீனிவாசனோ, மணி அடிக்கும் வரை எந்த ஒரு சொல்லிலிருந்து ஒளிந்துகொண்டிருந்தாரோ, அதை எடுத்துக் கொட்டை எழுத்தில் அச்சடித்தார். அவர் சொல்லும் காரணம் எளிமையானது. தன் பெயரை மறைத்துக்கொண்டு மற்றவர்களோடு கரைந்து போகிறவன் தன் மக்களுக்காக உரிமை கேட்க முடியாது. கேட்க வேண்டுமானால் 'நான் இன்னார்' என்று பயமில்லாமல் முன்னால் வர வேண்டும்.

விளம்பரத்துக்கும் அச்சுக்கும் சேர்த்து ஆன செலவு பத்து ரூபாய் என்றும், இரண்டே நாளில் சென்னையில் நானூறு பிரதிகள் போயின என்றும் எழுதுகிறார். பள்ளியில் நானூறு மாணவர்கள், பத்திரிகை நானூறு பிரதிகள். எண் பொருந்துவது தற்செயல்தான், ஆனாலும் அவர் மனதில் அது ஓடியிருக்காது என்று என்னால் நம்ப முடியவில்லை. மூன்று மாதத்தில் வார இதழானது. இரண்டு வருடத்தில் சொந்த அச்சகம் வந்தது.

கையில் காசு கொடுத்து 'பறையன் ஒண்ணு குடுங்க' என்று கேட்டு வாங்கியிருப்பார்கள் அல்லவா? எனக்கு அந்தக் காட்சியை விட்டு நகர முடியவில்லை. விற்பவன் அந்தச் சொல்லைக் கூவ வேண்டும். வாங்குபவன் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும். தபால்காரர் அந்தப் பெயர் போட்ட தாளை வீட்டு வாசலில் கொண்டுவந்து தர வேண்டும். திட்டுவதற்கு மட்டுமே அந்தச் சொல்லை எடுத்த வாய்கள் சரக்கின் பெயராக அதைச் சொல்லியாக வேண்டிய கட்டாயம். இரண்டணாவுக்கு இது மோசமில்லை.

பத்திரிகை தொடங்கிய அந்த 1893ஆம் ஆண்டின் டிசம்பரிலேயே சபை ஒரு மனுவைத் தயாரித்தது. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த காலம். வேண்டாம் என்றது சபை. இங்கே நடத்தினால் ஆதிக்கச் சாதியினர்தான் அதிகாரிகளாக வந்து உட்காருவார்கள், எங்கள் கதி இன்னும் மோசமாகும் என்று வாதம். 112 அடி நீளத் தாளில் 3,412 கையொப்பங்களோடு அந்த மனு லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போனது. வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தவர் என்று இதை வைத்து அவரை ஒதுக்குகிறவர்கள் இன்றும் உண்டு. நாளைக்குக் கலெக்டராக வரப்போகிறவன் யார் என்ற கேள்வி சேரியில் இருப்பவனுக்கு எவ்வளவு அவசரமான கேள்வி என்று அவர்கள் யோசித்ததில்லை போலிருக்கிறது. எனக்கு அந்த மனுவில் முக்கியமாகப் படுவது நீளம்தான். மூவாயிரத்துச் சொச்சம் பேர், அந்தப் பெயர் கொண்ட ஒரு சபையின் தாளில் தங்கள் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

1900 வரை 'பறையன்' வந்தது. பிறகு சீனிவாசன் வெளிநாடு கிளம்பினார், பத்திரிகை நின்றது. தென்னாப்பிரிக்காவில் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். திரும்பி வந்து 1923இல் சென்னை சட்டமன்ற மேலவையில் உட்கார்ந்தார். 1924இல் பொதுச் சாலையிலும் தெருவிலும் கிணற்றிலும் யாருக்கும் தடை கூடாது என்ற தீர்மானத்தை அங்கே கொண்டுவந்தவர் அவர்தான். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரின் பக்கத்தில் உட்கார்ந்தவரும் அவரே.

*

இந்தக் கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் அவருடைய குடும்பத்துக்குள்ளேயே இந்தப் பெயரை ஒத்துக்கொள்ளாத ஒருவர் இருந்தார். தங்கை தனலட்சுமியைக் கட்டிய மாப்பிள்ளை, அயோத்திதாசப் பண்டிதர்.

மைத்துனர்கள் இருவரும் நீலகிரி வாசிகள், இருவருக்கும் ஒரே கவலை, ஒரே மக்கள். ஆனால் பண்டிதருக்கு அந்தச் சொல் வேண்டாம். அவர் பார்வையில் அது எதிரி வைத்த பெயர். சாதி ஏற்காத பௌத்தர்களாக இருந்தவர்கள், வேஷம் போட்டு வந்தவர்களின் பொய்யை ஊரறியப் 'பறைந்தார்கள்', அந்தக் கோபத்தில் அவர்களுக்குச் சூட்டியதுதான் 'பறையர்' என்று அவர் ஒரு வரலாறு சொல்கிறார். சொல்லாராய்ச்சியாக அது நிற்குமா என்று மொழியியல்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். பண்டிதர் செய்ததை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஒருவன் உன்னைத் திட்டுகிறான் என்றால், நீ அவன் பயப்படும்படி ஏதோ செய்திருக்கிறாய்.

1891இல் அவர் தொடங்கியது திராவிட மகாஜன சபை. அதே காலத்தில் மைத்துனர் தொடங்கியது பறையர் மகாஜன சபை. பெயர்ப் பலகையை மட்டும் பார்த்தாலே சண்டை தெரிகிறது. 1898இல் இலங்கை போய் பௌத்தம் ஏற்றார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரும்போதெல்லாம் பழைய பெயரில் பதியாதீர்கள் என்று வலியுறுத்தினார். 1907 ஜூன் 19ஆம் தேதி ராயப்பேட்டையிலிருந்து அவரும் ஒரு நான்கு பக்க வார இதழ் கொண்டுவந்தார். 'ஒரு பைசாத் தமிழன்'. அடுத்த வருடத்திலிருந்து வெறும் 'தமிழன்'. சாதி வேண்டாதவன் மட்டுமே தமிழன் என்று அதற்கு அவர் கொடுத்த பொருளை ஏற்றால், ஊரில் பெரும்பாலானோர் தமிழரே இல்லை என்றாகிறது. இதுவும் ஒரு பெரிய சொல்லைக் கைப்பற்றுகிற வேலைதான், ஆனால் எதிர்த் திசையிலிருந்து. மைத்துனர் கீழே கிடந்த சொல்லைத் தூக்கினார். இவர் மேலே இருந்த சொல்லைப் பறித்தார்.

யார் சரி? ரொம்ப நாள் நான் சீனிவாசன் பக்கம். இருபது வயதில் எல்லோருக்கும் அந்தப் பக்கம்தான் கவர்ச்சி, அதில் ஒரு சவால் இருக்கிறது, பாடலுக்கு ஏற்ற வரி இருக்கிறது. ஆனால் பண்டிதர் எழுப்புகிற கேள்வியை எளிதில் தள்ள முடியாது. அவன் அடிக்கிற கோலை நீ வாங்கி வைத்துக்கொண்டால் அது உன்னுடையதாகிவிடுமா, இல்லை, அவன் இன்னொரு கோல் எடுத்துக்கொள்வானா?

மூன்றாவதாக ஒரு வழியும் முயன்று பார்த்தாயிற்று. எங்கள் பில்லிங் டீம் செய்தது மாதிரியே பெயர் மாற்றம். 1922இல் எம்.சி. ராஜா சென்னை மேலவையில் தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஆவணங்களிலிருந்து 'பஞ்சமர்', 'பறையர்' என்ற சொற்களை நீக்கி, தமிழ்ப் பகுதிகளில் 'ஆதிதிராவிடர்', தெலுங்குப் பகுதிகளில் 'ஆதி ஆந்திரர்' என்று எழுத வேண்டும். அரசு ஏற்று ஆணையும் போட்டது. நல்ல வேலை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பள்ளிப் பதிவேட்டில் வாத்தியார் சத்தமாக வாசிக்கிற சொல் எது என்பது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தவன் நான். ஆனால் மாற்றிய பெயரும் கொஞ்ச நாளில் பழைய பெயரின் நாற்றத்தை ஏற்றுக்கொண்டது. பிறகு காந்தி 'ஹரிஜன்' என்றார். அதையும் இன்று யாரும் விரும்புவதில்லை. பிறகு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து வந்தது, அதை இப்போது ஆபீஸ் கேன்டீனில் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். 'காலனி' என்பது எவ்வளவு சாதாரணச் சொல்! பெசன்ட் நகர் பக்கம் போனால் காலனி என்பது மரியாதையான முகவரி. எங்கள் பக்கம் அதைச் சொன்னால் கேட்டவர் மேலும் கீழும் பார்ப்பார். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். "இதுக்கு அடுத்தது என்ன பேரு வெக்கப் போறாங்களாம்?" என்றார்.

1922இல் நீக்கச் சொன்ன பெயர் முழுதாகப் போகவும் இல்லை. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளுக்கு ஒரு வரிசை உண்டு. அதில் 'ஆதிதிராவிடர்' ஒரு வரிசை எண்ணில் இருக்கிறது. 'பறையன்' இன்னொரு எண்ணில் தனியாக இருக்கிறது. ரிலீஸ் செய்த பிறகும் டேபிளில் பழைய வரி அப்படியே கிடக்கும் மாதிரி. அதே சொல்லை ஒரு ஆதிக்கச் சாதிக்காரர் நாலு பேர் முன்னால் வைத்து வசையாகச் சொன்னால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். தாசில்தார் அச்சடித்தால் சான்றிதழ். 1893இல் அது ஒரு பத்திரிகையின் பெயர். சொல்லின் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை.

களங்கம் போனதா என்று கேட்டால், சீனிவாசனின் சொல்லிலிருந்து போகவில்லை. ஏழு வருடம் ஒரு பத்திரிகை ஓடினால் ஒரு சொல் சுத்தமாகிவிடாது. ஆனால் அந்த ஏழு வருடமும் அதைத் தலைப்பில் போட்டுக்கொண்டவர்கள் ஒளிந்துகொள்ளவில்லை. இந்த இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். சொல் மாறுவது வேறு, சொல்கிறவன் மாறுவது வேறு. 'தலித்' என்ற மராத்திச் சொல் 1972இல் பம்பாய் தலித் பேந்தர்ஸ் இயக்கத்தோடு பரவி, தொண்ணூறுகளில் தமிழ் இலக்கியத்துக்குள் வந்து அமர்ந்தது. அதன் நேர்ப் பொருள் 'நொறுக்கப்பட்டவர்'. பெருமை என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. அதை எழுதிக்கொண்டவர்கள் அதற்குக் கொடுத்த விறைப்பு இருக்கிறது. பண்டிதரும் தோற்கவில்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் பாளையங்கோட்டையிலிருந்து அவர் எழுத்துகள் திரும்ப வந்தன. 2017இல் பா. ரஞ்சித் ஆரம்பித்த 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு தன் பெயரை அவரிடமிருந்துதான் எடுத்தது.

*

சாதிப் பெயரைவிட வேகமாகத் தூக்கிவிடப்பட்டது கருவி. பறை இன்று கல்லூரி விழாவில், திருமண வரவேற்பில், சிட்னியிலும் டொராண்டோவிலும் பொங்கல் விழாவில் ஒலிக்கிறது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சென்னையில் வார இறுதியில் பறை வகுப்பு நடக்கிறது. என் மகளுக்கு ஒன்பது வயது, ஒரு வருடமாக அங்கே போகிறாள். கூட வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் யார் என்ன என்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. அவர்கள் அப்பா அம்மாக்கள் அதைத் 'தமிழர்களின் ஆதி இசை' என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் யாருடைய தோளில் அது தொங்கியது என்ற பகுதி அந்தப் பேச்சில் எப்போதும் கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். கருவி மட்டும் கரை ஏறி, அதை அடித்தவன் ஊருக்கு வெளியிலேயே நிற்கும்படி ஆகிவிடுமோ என்று ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது.

என் தாத்தா மோளம் அடித்தவர். விரும்பி அடித்தாரா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. ஊரில் சாவு விழுந்தால் ஆள் வரும், போக வேண்டும். மழையா, காய்ச்சலா, சொந்த வீட்டில் விசேஷமா, அதெல்லாம் கணக்கில் இல்லை. என் அப்பா பன்னிரண்டாவது படித்த வருடம், தாத்தா சாகும் முன்பே, இனிமேல் எங்க வீட்டிலிருந்து யாரும் வர மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று அவர் விவரமாகச் சொன்னதில்லை. அந்த வருடம் யாரும் எங்களுக்குக் கூலி வேலை கொடுக்கவில்லை என்பது மட்டும் ஆயா சொல்லித் தெரியும். தமிழ்நாடு முழுக்க இப்படிப் பறையைக் கீழே வைத்தவர்கள் இருக்கிறார்கள், கூடி நின்று கொளுத்தியவர்களும் இருக்கிறார்கள். பறை அடிப்பது கலை என்று நான் சொல்லும்போதெல்லாம், அதை நிறுத்தியதுதான் அப்பாவின் வாழ்க்கையில் நடந்த பெரிய காரியம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீட்டுச் சண்டையும் அந்த மைத்துனர்கள் சண்டைதான்.

போன மார்கழியில் அப்பா வந்திருந்தார். ஹாலில் சுவரில் மாட்டியிருந்த பறையைப் பார்த்தார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. "யாருது இது?"

"என்னோடது தாத்தா" என்றாள் மகள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சீனிவாசனைப் பற்றி, பத்மஸ்ரீயைப் பற்றி, வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் வருவதைப் பற்றி ஏதேதோ சொன்னேன். அவர் காபி குடித்தார். "எறக்கி உள்ள வை" என்றார், அவ்வளவுதான். இரண்டு நாள் அது அலமாரிக்குப் பின்னால் இருந்தது.

மூன்றாம் நாள் அவளுக்கு வகுப்பு. பனியில் தோல் தளர்ந்து தொம் தொம் என்று செத்த சத்தம் வந்தது. வகுப்பில் அக்கா தீயில் காட்டித் தருவாள், வீட்டில் எப்படிச் செய்வது என்று கேட்டாள். நான் யூட்யூபில் தேடினேன். ஹேர் டிரையரை எடுத்து வந்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அந்த ஹேர் டிரையரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்தார். படித்துக்கொண்டிருந்த பேப்பரையே சுருட்டிக்கொண்டு, "வா" என்று அவளை மட்டும் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்.

நான் மேலே போனபோது காய்ந்த தென்னஞ்சோகை எங்கிருந்தோ சேர்ந்திருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பறையின் முகத்தைத் தீக்கு மேலே பிடித்து, கையகலத்துக்குக் கையகலம் திருப்பிக்கொண்டே இருந்தார். ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு வந்தார். நடுவே ஒருமுறை விரலால் சுண்டினார், தலையை ஆட்டினார், திரும்பத் தீயில் காட்டினார். "ரொம்பக் கிட்டப் புடிச்சா தோலு பொசுங்கிடும். சத்தத்தைக் கேட்டுக்கினே காட்டணும்." அவள் பக்கத்தில் குந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் மூன்று செய்தி, ஏ பிளாக் மாடியில் புகை வருகிறது என்று.

கடைசியாக ஒருமுறை சுண்டினார். சத்தம் கணீரென்று எதிர் பிளாக் வரை போய் வந்தது. அவளிடம் கொடுத்தார்.

"நீங்க அடிச்சுக் காட்டுங்க தாத்தா."

"எனக்குத் தெரியாது" என்றார். அவள் தோளில் மாட்டி, சுண்டுகுச்சியை விரலிடுக்கில் வைத்து, முதல் அடியை அடிப்பதற்கு முன்பே அவர் படியிறங்கிவிட்டார். கீழே பார்க்கில் நடந்துகொண்டிருந்தாராம், சாப்பாட்டு நேரம் வரை.